பத்தில் ஒன்றா, தலைக்கட்டு வரியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்தோலிக்கர்களும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் தங்கள் வட்டாரத்துப் பங்குக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெந்தெகோஸ்து நண்பர் மாதம் தவறாமல் தசமபாகம் என்று அந்தப் பத்தில் ஒன்றைக் கொடுக்கிறார், நாமோ உண்டியலில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு மைக் செட் சரியில்லை என்று குறை சொல்கிறோம் என்பது அவர் வருத்தம். வருத்தம் நியாயமானதுதான். ஆனால், குடும்பம் குடும்பமாக வருமானத்தைக் கேட்டு எழுதி, பத்தில் ஒன்று எவ்வளவு என்று பங்கு அலுவலகமே கணக்குப் போட்டு வசூலிக்க வேண்டும் என்கிறாரே, அந்த இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் 31 வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன். இப்போது சூரமங்கலத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். பங்கின் நிதிக்குழுவில் இரண்டு தடவை இருந்திருக்கிறேன். கூலி கொடுத்த கையாலேயே காணிக்கையும் எண்ணியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கோயிலின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று 222-ஆம் எண்ணில் சொல்கிறது. எத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை. மறைக்கல்வி ஏட்டின் 2043-ஆம் எண்ணும் அவரவர் சக்திக்கேற்ப என்றுதான் சொல்கிறது. நான் மலையில் ஞானோபதேசம் படித்த காலத்தில் திருச்சபைக் கட்டளைகள் ஆறையும் ராகத்தோடு ஒப்பிப்போம். ஆறாவது கட்டளை, ஞான மேய்ப்பர்களுக்கு 'நம்மாலான' உதவி செய்வது. அந்த 'நம்மாலான' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

பத்தில் ஒன்று விவிலியத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. ஆபிராம் குருவாகிய மெல்கிசதேக்கிடம் கொடுத்தார். ஆலயப் பணி செய்த லேவியர் குலத்துக்குக் காணி நிலம் கிடையாது, ஆகவே மற்றக் குலத்தார் தங்கள் விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கொடுத்து அவர்களைத் தாங்கினார்கள். பண்டகசாலைக்கு முழுதாகக் கொண்டுவாருங்கள் என்கிறார் இறைவாக்கினர் மலாக்கி. மேடைதோறும் கேட்கிற வசனம் அது. மேடையில் கேட்காத வசனம் இணைச்சட்டம் 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: மூன்றாம் ஆண்டின் பத்தில் ஒன்றை ஊரிலேயே வைத்து லேவியரோடு அந்நியரும் அனாதைகளும் கைம்பெண்களும் வயிறார உண்ண வேண்டும். அதே அதிகாரத்தில் கொஞ்சம் முன்னால், அந்தப் பத்தில் ஒன்றை ஆண்டவர் திருமுன் குடும்பத்தோடு உண்டு மகிழவும் சொல்லியிருக்கிறது. திராட்சை மதுவும் உண்டு! இதை எந்தப் பிரசங்கியாரும் எனக்குச் சொன்னதில்லை, நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, நான் பத்தில் ஒன்றுக்கு எதிரியா? இல்லை. இப்போது நம் பங்குகளில் இருக்கும் முறையைவிட அது எவ்வளவோ மேல் என்பதே என் கட்சி. இப்போது என்ன இருக்கிறது? மாதச் சந்தா, திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி. டாக்டர் வீட்டுக்கும் அதே தொகை, கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவர் வீட்டுக்கும் அதே தொகை. சேலத்துக்காரர்களுக்குக் கொலுசு வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் படுத்துவிடும். ஒரு மாதம் ராத்திரி பகலாக வேலை இருக்கும், அடுத்த மாதம் பட்டறையைக் கூட்டிவிட்டு டீக்கடையில் உட்கார வேண்டியதுதான். அந்த மாதமும் சந்தா ஏறிக்கொண்டுதான் இருக்கும். பத்தில் ஒன்று அப்படியில்லை. கூலி ஐந்நூறு என்றால் ஐம்பது, கூலியே இல்லை என்றால் ஒன்றுமே இல்லை. கடன் என்று ஒன்று சேராது. ஏழைக்குப் பத்தில் ஒன்று சுமை என்பார்கள். சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் மாறாத தொகை அதைவிடப் பெரிய சுமை.

இந்தக் கடன் சேரும் கதையை நானே அனுபவித்தேன். என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் ஓலை வாசிக்க, அதாவது கல்யாணத்தை முன்கூட்டி அறிவிக்க, எழுதிக் கொடுக்கப் போனோம். எந்தப் பங்கு என்று சொல்லப்போவதில்லை. நான்கு வருடச் சந்தா பாக்கி, அதைக் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். அண்ணனுக்கு அப்போது வலது கை விளங்காமல் படுக்கையில் இருந்த காலம். நான் கட்டினேன், ஓலை வாசித்தார்கள், கல்யாணமும் நன்றாகவே நடந்தது. ஆனால் அன்று அண்ணன் முகம் போன போக்கை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. திருமுழுக்கு, திருமணம் போன்ற அருட்சாதனங்களுக்கு ஆயர்கள் நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது, வறுமை காரணமாக எவருக்கும் அவை கிடைக்காமல் போகக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 848-ஆம் எண் சொல்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வருமானப் பட்டியல் ஒன்று அலுவலக அலமாரியில் இருந்தால், நாளைக்கு அதையும் இப்படித்தான் எடுத்து விரிப்பார்கள். ஆகவே பத்தில் ஒன்று இருக்கட்டும். ஆனால் கணக்குப் போடுவது கொடுக்கிறவர் கையிலேயே இருக்கட்டும். பிடித்தம் போகக் கைக்கு வருவதில் பத்தில் ஒன்றா, மொத்தச் சம்பளத்திலா என்று சண்டை போடுகிறார்கள் சிலர். அதுவும் அவரவர் மனசாட்சிக்கு. முழுவதும் கோயிலுக்கேதானா, பாதியைப் பக்கத்து வீட்டுக் கைம்பெண்ணின் மருந்துச் செலவுக்குக் கொடுக்கலாமா? மூன்றாம் ஆண்டுக் கணக்கைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

எஸ்டேட்டில் நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிப்பு. கிலோ கணக்கில் கூலி. சனிக்கிழமை நான் கூலிப் பதிவேடான செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டுப் பணம் கொடுப்பேன். பறிப்புக்கு வரும் ஓர் அம்மா, பணத்தை வாங்கியதும் எண்ணுவார், அதில் கொஞ்சத்தை எடுத்து முந்தானையின் ஒரு முனையில் முடிவார், மீதியைச் சுருக்குப் பையில் போடுவார். அந்த முடிச்சு ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரம் வரை அவிழாது. பறிப்பு நல்ல வாரம் முடிச்சு பெரிதாக இருக்கும், மழை வந்து பாதி நாள் போன வாரம் சின்னதாக இருக்கும். அவருக்குச் சதவீதக் கணக்கெல்லாம் தெரியாது. சந்தைக்குப் போய்விட்டு மிச்சத்தை முடிவதில்லை, முதலில் முடிவார், அவ்வளவுதான். நான் அப்போது மாதச் சம்பளக்காரன். ஞாயிறு காலையில் சட்டைப் பையைத் தடவி, இருக்கிற சில்லறையில் சின்னதைத் தேடிக்கொண்டிருப்பேன். என் மனைவி இதை ஒருநாள் சொல்லிக் காட்டினாள். அதற்கப்புறம்தான் சம்பள நாளன்றே ஒரு கவரில் எடுத்து வைக்கிற பழக்கம் வந்தது. முதலில் நூற்றுக்கு மூன்று, ஐந்து என்றுதான் ஆரம்பித்தேன். பத்தை எட்டப் பல வருடம் ஆயிற்று.

நம்மவர்கள் மறந்துபோன இன்னொன்று. சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. முதல் ஆயர் ஹென்றி புருனியே, பாரிஸ் மறைபோதக சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையின் குருக்கள் இந்தப் பக்கம் வேலை செய்த காலத்துப் பணம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பிரெஞ்சு சீமான்களிடமிருந்து மட்டுமல்ல. லியோன் நகரத்தில் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண், பட்டாலைத் தொழிலாளிப் பெண்களிடம் வாரம் ஒரு சல்லிக் காசு சேர்த்தார். பத்துப் பத்துப் பேராகக் குழு, குழுவுக்கு ஒருவர் வசூல். 1822-இல் அதுவே விசுவாசப் பரப்புதல் சங்கமாயிற்று. பாரிஸ் சபை உட்படப் பல சபைகளுக்கு அந்தக் காசு போயிற்று. 2022-இல் அவருக்குப் புனிதர் நிலைக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். கைவேலை செய்து பிழைத்த பெண்களின் காசு அது. கொலுசும் தறியும் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியாமல் போகுமா?

கடைசியாக, பங்குத்தந்தைகளுக்கும் நிதிக்குழுக்களுக்கும் ஒன்று. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 537-ஆம் எண். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287. ஒரு காரியத்துக்கென்று கொடுத்ததை அந்தக் காரியத்துக்கே செலவிட வேண்டும் என்பது 1267. மணிக்கூண்டுக்கு என்று வாங்கிக் காம்பவுண்டுச் சுவர் கட்டினால், சுவர் அழகாக இருந்தாலும் அடுத்த தடவை யாரும் கையை நீட்ட மாட்டார்கள். புனித வெள்ளிக் காணிக்கை புனித நாட்டுக்குப் போகிறது, அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு காணிக்கை ரோமைக்குப் போகிறது. இதுகூடத் தெரியாமல் எல்லாம் ஒரே உண்டியல் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். ஞாயிறு உண்டியல் எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு, கோயிலைக் கவனிக்கும் கோயில்பிள்ளைக்கும் ஞானோபதேசம் சொல்லும் உபதேசியாருக்கும் சம்பளம் எவ்வளவு, கிளைக் கிராமங்களுக்குப் போய்வரும் பெட்ரோல் எவ்வளவு என்று மாதம் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். நான் நிதிக்குழுவில் இருந்தபோது ஒரே ஒரு வருடம் இப்படி ஒட்டினோம். கோயில்பிள்ளையின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு ஒரு லாரி டிரைவர், 'இதை வெச்சு அவர் எப்படிங்க பிழைக்கிறார்' என்று கேட்டு, அந்த மாதமே தனியாக ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தார். யாரும் அவரிடம் வருமானம் கேட்கவில்லை. அப்புறம் குழு மாறியது, தாளும் போயிற்று.

எங்கள் பங்கில் வரும் மாதம் புதிய நிதிக்குழு அமைக்கிறார்கள். குழுவில் இடம் வேண்டாம், வயதாகிவிட்டது. அந்தத் தாளை மட்டும் என்னிடம் கொடுத்தால் மாதாமாதம் எழுதித் தருகிறேன். செக்ரோல் எழுதிய கை, இன்னும் நடுங்க ஆரம்பிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர்,
சூரமங்கலம், சேலம்.