முகத்தைக் காட்ட நாங்க மாட்டோம் எண்டு சொல்லல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

சுவிஸ்ல 2025 ஜனவரி 1ல இருந்து பொது இடத்துல முகம் மூடத் தடை, மீறினா ஆயிரம் ஃபிராங் வரைக்கும் தண்டம் எண்டு வந்ததுக்குப் பிறகு இங்க இலங்கையிலயும் சில பேர் அந்தக் கதையத் திரும்பத் தூக்கிட்டாங்க, அங்க செஞ்சாச்சு இங்க ஏன் செய்யேலாது எண்டு. நான் மருதமுனையில வீட்டுல மெஷின் போட்டு, உடம்பு முழுக்க மூடுற ஹபாயா தைக்கிற பொம்பிள. முகத்தை மூடுற நிகாப் நான் போடுறதில்ல, தலையை மூடுற ஸ்காஃப் மட்டும்தான், ஆனா கேட்டு வாறவங்களுக்குத் தைச்சுக் குடுப்பன். அதால இந்தச் சனத்தோட பேச்சு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நிகாப் எண்டா பெரிய மர்மம் ஒண்டும் இல்ல, ஒரு துண்டுத் துணி, மேல ஒரு பட்டி, பின்னால கட்ட ரெண்டு நாடா, அவ்வளவுதான். இப்ப வாறவங்க நிறையப் பேர் என்ன கேக்குறாங்க தெரியுமா, நாடா வேணாம் அக்கா, வெல்க்ரோ வெச்சுத் தாங்க, பேங்குக்குப் போனா டக்கெண்டு கழட்டணும், ஆஸ்பத்திரியில நம்பர் எடுக்கக்குள்ள கழட்டணும் எண்டு. அதாவது கேட்ட இடத்துல முகத்தைக் காட்ட இவங்க ஏற்கனவே ரெடியாத்தான் வாறாங்க. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கக்குள்ள முகம் திறந்துதான் எடுக்குறாங்க, பரீட்சை மண்டபத்துலயும் முகத்தைக் காட்டித்தான் எழுதுறாங்க. பிறகு ரோட்டால நடந்து போற பொம்பிளையப் புடிக்க ஒரு சட்டம் என்னத்துக்கு?

பாதுகாப்புக்கு எண்டு சொல்லுவாங்க. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுல குண்டு வெடிச்ச நாளை நாங்க மறக்கல்ல, மறக்கவும் ஏலாது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல மௌத்தான புள்ளைகளை நினைச்சா இண்டைக்கும் நெஞ்சு பதறுது, அந்தப் பாவத்தைச் செஞ்சவங்க எங்கட பேரைச் சொல்லிச் செஞ்சாங்க எண்டது எங்களுக்கு ஆறாத வேதன. ஆனா தேவாலயத்துக்கும் ஹோட்டலுக்கும் குண்டோட போனவங்க ஆம்பிளையள், முகத்தைத் திறந்துகிட்டு முதுகுல பேக்கைப் போட்டுகிட்டுப் போனவங்க. அடுத்த கிழமையே, ஏப்ரல் 29ல, அவசரகாலச் சட்டத்துக்குக் கீழ முகம் மூடத் தடை வந்திச்சு. அதுக்கு முதலே எங்கட மார்க்க அறிஞர் சபையான ஜம்இய்யத்துல் உலமா முகத்திரை போட வேணாம் எண்டு சொல்லி, சனமும் கேட்டுகிட்டுத்தான் இருந்திச்சு.

அதுக்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல வந்த. தடை முகத்துக்கு மட்டும்தான், அதை அறிவிச்ச அரசாங்க வர்த்தமானியில ஸ்காஃபும் இல்ல ஹபாயாவும் இல்ல. ஆனா கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி வர்த்தமானி வாசிச்சா நிக்கிறான்? ஒரு ஒப்பிஸுக்கு நான் போனன், முகம் முழுக்கத் திறந்திருக்கு, ஸ்காஃபைக் கழட்டினாத்தான் உள்ள விடுவன் எண்டு அந்த மனிசன் நிண்டான். பின்னால லைன்ல எத்தனை ஆம்பிளையள். நான் கழட்டல்ல, வேலையும் முடியல்ல, திரும்பி வந்துட்டன். மே மாசக் கடைசியில அரசாங்க ஒப்பிஸ்ல வேலை செய்யிற பொம்பிளைகள் சாரி இல்லாட்டி ஒசரி எண்ட கண்டிச் சாரிதான் கட்டணும் எண்டு சுற்றறிக்கையும் வந்திச்சு, எதிர்ப்பு வந்த பிறகு அதை மாத்தினாங்க, ஆனா அதுக்குள்ள எத்தனை டீச்சர்மாரும் கிளார்க்குமாரும் சங்கடப்பட்டாங்க. முகத்துக்கு எண்டு வந்த தடை ஒரே மாசத்துல ஹபாயா வரைக்கும் வந்து நிண்டிச்சு. அவசரகாலச் சட்டம் ஆகஸ்ட்ல முடிய அந்தத் தடையும் போயிட்டு, 2021ல அமைச்சர் சரத் வீரசேகர புர்காவைத் தடை செய்யப் போறம் எண்டார், ஏப்ரல் 27ல அமைச்சரவையும் சம்மதிச்சிச்சு, பாராளுமன்றத்துல சட்டமா மட்டும் வரல்ல.

வெளிநாட்டைக் காட்டுறவங்க முழுசாக் காட்டணும். பிரான்ஸ் தடை 2011ல நடைமுறைக்கு வந்திச்சு, வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 2014ல தடை செல்லும் எண்டு தீர்ப்பும் வந்திச்சு, சரி. ஆனா அதே தீர்ப்புல பாதுகாப்பு எண்ட காரணத்துக்காக எல்லா இடத்துலயும் தடுக்கிறது நியாயமில்ல எண்டுதான் சொல்லியிருக்கு, சேந்து வாழுறதுக்கு முகம் தெரியணும் எண்ட வாதத்தை வெச்சுத்தான் தடையை விட்டாங்க. நெதர்லாந்துல 2019ல வந்த சட்டம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ், அரசாங்கக் கட்டடத்துக்கு மட்டும், ரோட்டுக்கு இல்ல.

எங்கட ஆக்களுக்கும் ஒண்டு சொல்லணும், இதைச் சொல்லாம விட்டா நான் ஒரு பக்கம் பேசின மாதிரி ஆயிடும். எங்கட உம்மம்மாமார் சாரித் தலைப்பால முக்காடு போட்டு வயலுக்கும் சந்தைக்கும் போனவங்க, அவங்கட ஈமான்ல என்ன குறை? மாப்பிள கட்டாரில இருந்து ஃபோன்ல சொல்லுறார் எண்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுகிட்டு நிகாப் அளவு குடுக்க வாற சின்னப் புள்ளைகளையும் நான் கண்டிருக்கன், மனசார விரும்பி வாறவங்களையும் கண்டிருக்கன். கட்டாயப்படுத்துறது ஹராம் எண்டு பள்ளிவாசல் மிம்பர் மேடையில நிண்டு சத்தமாச் சொல்லுங்க ஹஸ்ரத்மாரே. ஆனா தடை வந்தா அந்தப் புள்ள நிகாபைக் கழட்டிட்டு வெளிய வருவா எண்டு நினைக்காதீங்க, அந்த மாப்பிள அவளை வீட்டுக்குள்ளயே வெச்சிருவான், கிளினிக்குக்கும் விடமாட்டான், கிளாஸுக்கும் விடமாட்டான். யாரைக் காப்பாத்தப் போறம் எண்டு சட்டம் கொண்டு வாறாங்களோ அவதான் முதல்ல அடைபடுவா.

அதால மட்டக்களப்பு, திகாமடுல்ல (அம்பாறை) எம்பிமாரிட்ட நான் கேக்குறது, இனி ஒரு சட்டமூலம் வந்தா வெறுமனே எதிர்த்துப் பேசிட்டு வெளிய வந்துடாதீங்க. முகத்தைக் காட்டச் சொல்லுற அதிகாரம் யாருக்கு, எந்த இடத்துல எண்டு தெளிவா எழுதக் கேளுங்க. பொம்பிளப் பொலிஸ் இல்லாட்டி பொம்பிள உத்தியோகத்தர்தான் பாக்கணும், ஒரு மறைவான இடத்துல பாக்கணும், ஸ்காஃபும் ஹபாயாவும் இதுக்குள்ள வராது எண்டு சிங்களத்துலயும் தமிழ்லயும் எழுதி ஒவ்வொரு ஒப்பிஸ் கேட்டுலயும் ஒட்டணும், மீறி ஒருத்தன் ஸ்காஃபுல கை வெச்சா அவனுக்கு என்ன தண்டனை எண்டும் அதுலயே இருக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மருதமுனை.