நான்காவது பஞ்சாயத்தாக இருக்க வேண்டாம்: குடும்ப வழக்குகளைக் கையாளும் சமரசர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் நீதிமன்றச் சமரச மையங்களில் பணியாற்றும் சமரசர்கள் அனைவருக்கும்,

வணக்கம். குடும்ப நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடத்தி வருபவள் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், வழக்காடும் இரு தரப்பையும் பேச வைத்து உடன்பாடு காண உதவும் சமரச மையம் திறக்கப்பட்டபோது, நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையம் நாட்டிலேயே முதலாவதாக நம் மாநிலத்தில் அமைகிறது என்று பெருமைப்பட்ட இளம் வழக்கறிஞர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை என்பதால்தான், அங்கே நடப்பவற்றில் என்னை வருத்தும் ஒன்றை உங்களிடமே நேரில் சொல்லத் துணிகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில், தனியார் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்த என் கட்சிக்காரர் ஒருவரோடு சமரச அறையில் அமர்ந்திருந்தேன். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகன். சமரசர் மூத்தவர், நல்ல மனம் படைத்தவர், குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "பையன் முகத்தைப் பாத்தாவது கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதாம்மா?" என்றார். அந்த ஆசிரியை பதில் சொல்லவில்லை. வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகு என்னிடம், "இதையேதான் மேடம் எங்க பெரியப்பாவும் சொன்னாரு, ஊர்ல நாலு பேரும் சொன்னாங்க, ஸ்டேஷன்லயும் சொன்னாங்க. இதைக் கேக்கறதுக்கு எதுக்கு மேடம் கோர்ட்டுக்கு வரணும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம். நம் ஊரில் ஒரு பெண் குடும்ப நீதிமன்றத்தின் படியேறுவதற்கு முன், இரு வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசியது ஒன்று, ஊரிலோ சாதிச் சங்கத்திலோ வைத்துப் பேசியது ஒன்று, அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியது ஒன்று என்று பெரும்பாலும் மூன்று பஞ்சாயத்துகளையாவது கடந்திருப்பார். மூன்றிலும் அவர் கேட்ட சொல் 'அனுசரிப்பு' என்பதுதான். நான்காவதாக அரசு முத்திரையோடு ஓர் அறையில் அதே சொல் காதில் விழும்போது, அந்த அறையிலும் தன் பேச்சு எடுபடாது என்று அவர் முடிவு செய்துகொள்கிறார். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நல்ல யோசனையை முன்வைத்தாலும் அது அவர் மனத்தில் இறங்குவதில்லை.

அந்த வழக்கில் 'சமரசம் ஏற்படவில்லை' என்ற அறிக்கை நீதிமன்றம் சென்றது. அதன்பின் நான்கு ஆண்டுகள் வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு நடந்தது. கோப்பைப் புரட்டினால் அந்த நான்கு ஆண்டுகளும் உண்மையில் இரண்டே விஷயங்களுக்காகக் கழிந்தன என்பது தெரியும்: கணவர் பெயரில் அடகில் கிடந்த நகைகளை யார் மீட்டுத் தருவது, ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் அப்பா வீட்டில் இரவு தங்கலாமா கூடாதா. நிதானமாக இரண்டு மூன்று அமர்வுகள் பேசியிருந்தால் இரண்டுக்கும் முடிவு கண்டிருக்கலாம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சமரச அறையில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. சேர்ந்து வாழ்வார்களா, மாட்டார்களா என்பது மட்டுமே கேட்கப்பட்டது. மாட்டோம் என்றதும் பேச்சு முடிந்துவிட்டது.

சட்டம் உங்களிடம் இவ்வளவு குறுகிய வேலையை ஒப்படைக்கவில்லை. சேர்த்து வைக்க முயல வேண்டும் என்ற கடமையை இந்துத் திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு விதித்திருப்பது உண்மைதான். ஆனால் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் தன் 9ஆம் பிரிவில், வழக்கில் எது பிரச்சினையோ அதைக் குறித்துத் தரப்பினர் ஓர் உடன்பாட்டுக்கு வர உதவ வேண்டும் என்கிறது. உடன்பாடு சேர்ந்து வாழ்வதற்கானதாக இருக்கலாம், கண்ணியமாகப் பிரிவதற்கானதாகவும் இருக்கலாம்.

குடும்ப வழக்குகளில் சமரசத்துக்கு வலுச் சேர்த்த தீர்ப்பு என்று நாம் எல்லோரும் எடுத்துக்காட்டும் உச்ச நீதிமன்றத்தின் 2013 பிப்ரவரி 22ஆம் நாள் தீர்ப்பை மீண்டும் ஒரு முறை படித்துப் பாருங்கள். 1999 ஏப்ரலில் திருமணம் நடந்த மறுநாளே இரு வீட்டுப் பெரியவர்களும் ஒருவர் மீது ஒருவர் செருப்பை வீசிக்கொண்டதில் தொடங்கி, இரண்டே நாளில் மணமக்கள் பிரிந்து, பதினான்கு ஆண்டுகள் நீடித்த வழக்கு அது. குழந்தைப் பொறுப்பு, ஜீவனாம்சம் போன்றவை சமரசத்துக்கு மிகப் பொருத்தமானவை என்றும், தொடக்கத்திலேயே இவற்றைச் சமரச மையங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றும், வழக்குக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள மையங்களில் வசதி வேண்டும் என்றும் சொன்ன நீதிமன்றம், அதே தீர்ப்பில் 15 லட்சம் ரூபாய் நிரந்தர ஜீவனாம்சத்தோடு அந்தத் திருமணத்தை முடித்தும் வைத்தது. சமரசத்தை இவ்வளவு உயர்த்திப் பேசிய நீதிபதிகளே பிரிவைத் தோல்வியாகக் கருதவில்லை என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்து, இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியே பேசுங்கள். அடி வாங்கிய பெண், அடித்தவர் எதிரே இருக்கும்போது உண்மையைச் சொல்ல மாட்டார். அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால், மையத்தை விட்டு அவர் எந்த வீட்டுக்குத் திரும்புகிறாரோ அங்கே அதற்கான விலையைக் கொடுப்பார். வன்முறை இருந்தது என்று தெரிந்தால், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அவர் கேட்டிருக்கும் பாதுகாப்பு உத்தரவைத் திரும்பப் பெறுவதை ஒருபோதும் பேச்சுவார்த்தைக்கான நிபந்தனையாக வைக்காதீர்கள். சில வழக்குகள் சமரசத்துக்கு உகந்தவையே அல்ல என்று திருப்பி அனுப்பும் துணிவும் வேண்டும். இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் 'பேச்சு நடக்கிறதே' என்று நிறுத்தி வைக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் 120 நாள்கள், ஒப்புதலோடு மேலும் 60 நாள்கள் என்று கால வரம்பு வகுத்திருக்கிறது. கையில் காசில்லாமல் பிறந்த வீட்டில் ஒண்டியிருப்பவருக்கு அந்த ஆறு மாதம் என்பது, எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடத் தயாராகிவிடும் அளவுக்கு நீண்ட காலம். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியிருக்கிறது. தொகை பற்றிய பேச்சு தொடங்கும் முன் அந்தப் பத்திரங்கள் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

அறைக்குள் பேசியது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். உடன்பாடு ஏற்படாவிட்டால் அதை மட்டுமே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனாலும் 'பெண் தரப்பு ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி சேர்ந்த அறிக்கையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி வழக்கு முடியும்வரை அவரைத் துரத்தும்.

நான் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்வது, உடன்படிக்கையை எழுதும் விதம் பற்றியது. மாலை நெருங்கும் நேரத்தில் அவசரமாக எழுதப்பட்ட ஒரு பக்க உடன்படிக்கைகள் எத்தனையோ மறு ஆண்டே, ஒப்புக்கொண்டதைச் செய்ய வைக்கக் கோரும் நிறைவேற்று மனுவாக நீதிமன்றத்துக்குத் திரும்பி வருகின்றன. 'தந்தை அவ்வப்போது குழந்தையைப் பார்க்கலாம்' என்ற வாக்கியத்தால் ஒரு குழந்தையும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து அழைத்துச் செல்வது, பொங்கலுக்கு யாரிடம், தீபாவளிக்கு யாரிடம், மே மாத விடுமுறையை எப்படிப் பகிர்வது, பள்ளி ஆண்டு விழாவுக்கு இருவரும் வரலாமா, பள்ளி மாற்றும்போது மாற்றுச் சான்றிதழுக்கு யார் கையெழுத்திடுவது, பாட்டி தாத்தா பார்க்க ஆசைப்பட்டால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் கேட்டு எழுதுங்கள். பெற்றோர் முதலில் சலித்துக்கொள்வார்கள். ஆனால் தன் பிள்ளையின் ஒரு வாரத்தை மணிக்கணக்கில் யோசிக்கத் தொடங்கிய பிறகு பல தகப்பன்மார்களின் குரல் தணிவதை நான் பார்த்திருக்கிறேன். நகை என்றால் எத்தனை பவுன், எந்தக் கடையில் அல்லது வங்கியில் அடகு, ரசீது யாரிடம் என்பது வேண்டும். சீர்ப் பாத்திரங்களும், பூட்டிய பீரோவுக்குள் மாட்டிக்கொண்ட மனைவியின் பட்டச் சான்றிதழ்களும்கூடப் பட்டியலில் வரட்டும்.

பணத்தை ஒரே நாளில் கொடுப்பதா, தவணையிலா என்பதையும் நடைமுறையோடு இணைத்து எழுத வேண்டும். வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால், அது நீதிமன்றத்தில் சமாதானமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல என்பதால், உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் அதை ரத்துச் செய்ய முடியும். ஆகவே பரஸ்பர சம்மத விவாகரத்து மனு தாக்கலாகும் நாளில் ஒரு பகுதி, தீர்ப்பு நாளில் ஒரு பகுதி, குற்ற வழக்கு ரத்தாகும் நாளில் மீதி என்று எழுதினால் இரு தரப்புக்கும் பயம் நீங்கும். பரஸ்பர சம்மத மனுவுக்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. உங்கள் உடன்படிக்கை முழுமையாக இருந்தால் அந்த ஆறு மாதமும் அவர்களுக்கு மிச்சமாகும்.

என் சக வழக்கறிஞர்கள் சிலரும் கட்சிக்காரரைத் தயார்படுத்தாமல், 'போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்' என்று அனுப்புகிறோம் என்பதை மறைக்க மாட்டேன். அது எங்கள் தவறு. இனி முதல் அமர்வுக்கு முன்பே நகைப் பட்டியலையும், பிரமாணப் பத்திரத்தையும், குழந்தையின் வார அட்டவணை பற்றிய எங்கள் யோசனையையும் எழுத்தில் கொண்டுவர எங்களைக் கட்டாயப்படுத்துங்கள். அவற்றை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, 'ஏம்மா அனுசரிக்கக் கூடாதா?' என்பதாக இல்லாமல், 'உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?' என்பதாக இருக்கட்டும்.

மரியாதையுடன்,
குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்