சாவி யாரிடம் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையவழி மருத்துவ ஆலோசனை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். வசதிகளை எல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு, 'தகவல்கள் குறியாக்கம் செய்யப்படுவதால் பயமில்லை' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். குறியாக்கம் என்றால், சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைப்பது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பெரும்பாலும் இந்தச் செயலிகள் குறியாக்கம் என்று சொல்வது டி.எல்.எஸ். முறையை. அதாவது நம் போனிலிருந்து அவர்களுடைய சர்வர் வரை போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. சரி, போய்ச் சேர்ந்த பிறகு? அங்கே ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் டாக்டரின் குறிப்பும் அப்படியே படிக்கும்படி கிடந்தால், உள்ளே நுழைந்தவனுக்கு வேலை சுலபம். சேமித்த தகவலைக் காக்கும் ஏ.இ.எஸ். முறை 2001-லேயே தரநிலையாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆகவே செய்யாமல் இருப்பதற்குச் சாக்கே கிடையாது. அப்புறம், குறியாக்கிவிட்டு அதன் சாவியையும் அதே சர்வரில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே விட்டுப்போகிற மாதிரி.

பின்லாந்தில் வஸ்டாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் குறிப்புகள் குறியாக்கப்படாமலே இருந்தன. 2020 அக்டோபரில், அவற்றைத் திருடியவன் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பி, பணம் தராவிட்டால் நீ சிகிச்சையில் பேசியதை வெளியிடுவேன் என்று மிரட்டினான். சுமார் 33 ஆயிரம் பேரின் தகவல்கள் அவன் கையில் இருந்தன. ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம், ஒருவர் அழுதுகொண்டே டாக்டரிடம் மட்டும் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது?

என் அனுபவம் ஒன்று. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்காக வந்த இணைப்பைத் தட்டச்சு செய்தபோது கடைசி எண் மாறிவிட்டது. வேறு யாரோ ஒருவருடைய ரிப்போர்ட், பெயர் வயதோடு திறந்தது. மேலே, இணைப்பு குறியாக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் பூட்டுப் படம் அப்படியே இருந்தது! உடனே மூடிவிட்டு அவர்களுக்கு எழுதினேன், இன்னும் பதில் இல்லை. குறியாக்கம் அங்கே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது, கேட்பவர் யார் என்று பார்க்கத்தான் எந்த ஏற்பாடும் இல்லை.

அவசர நேரத்தில் டாக்டருக்கு ரிப்போர்ட் உடனே கிடைக்க வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது, அதற்காக எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டியதில்லை. அடுத்த முறை இந்த நிறுவனங்களைப் பேட்டி காணும்போது தயவுசெய்து கேளுங்கள்: சேமித்த தகவலும் குறியாக்கப்பட்டிருக்கிறதா, சாவி எங்கே, யார் கையில் இருக்கிறது, என் ரிப்போர்ட்டை யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவை நான் பார்க்க முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்