ஆன் இரண்டு முறை எழுதிய நாட்குறிப்பு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை உறுதியானதில் எனக்கும் மனநிறைவு. அவனுக்கு என் ஆசிகளைச் சொல். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு, நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை வாரம் ஒரு மணிநேரம் வாசிக்கப் போகிறாய் என்றதும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு பையன், "இதை அவளுடைய அப்பாதானே எழுதினார், பால்பாயிண்ட் பேனா சர்ச்சை இருக்கிறதே" என்று கேட்டதாகவும், இரண்டு பதிப்புகளுக்கு நடுவே அத்தனை பக்க வித்தியாசம் ஏன் என்று உனக்கே புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஆன் அந்த நாட்குறிப்பை இரண்டு முறை எழுதினாள். இதைப் பிள்ளைகள் முதல் வாரமே தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளியும்.

முதலில் வடிவம். 1942 ஜூன் 12, அவளுடைய பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக் கிடைத்தது சிவப்புக் கட்டம் போட்ட ஆட்டோகிராஃப் புத்தகம். அதில் தொடர்ச்சியான பதிவுகள் டிசம்பர் 5 வரை ஓடுகின்றன. பிறகு நோட்டுப் புத்தகங்கள். அவற்றில் நமக்குக் கிடைத்தவை இரண்டு: 1943 டிசம்பர் 22 முதல் 1944 ஏப்ரல் 17 வரை ஒன்று, அங்கிருந்து ஆகஸ்ட் 1 வரை இன்னொன்று. நடுவில் ஒரு வருடத்துக்கான மூல நோட்டு தொலைந்துபோனது. இந்த முதல் எழுத்தை ஆய்வாளர்கள் 'ஏ' என்கிறார்கள்.

1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து ஒலிபரப்பான ரேடியோ ஓரான்யேயில், நாடுவிட்டு இயங்கிய டச்சு அரசின் கல்வி அமைச்சர் கெரிட் போல்கெஸ்டெய்ன் பேசினார். போர் முடிந்ததும் சாதாரண மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் திரட்ட வேண்டும் என்றார். ஒளிந்திருந்த எட்டுப் பேரும் (ஆனின் குடும்பம், வான் பெல்ஸ் குடும்பம், ஃபிரிட்ஸ் ஃபெஃபர்) ஆனின் நாட்குறிப்பைப் பற்றித்தான் உடனே பேசினார்களாம். மே 20 அன்று அவள் திருத்தி எழுதத் தொடங்கினாள். அலுவலகத்தின் மெல்லிய நகல் தாள்களில், பத்துப் பதினோரு வாரத்தில், 200-க்கு மேற்பட்ட தாள்கள், ஏறக்குறைய 50,000 சொற்கள். இதுதான் 'பி'. 'பின்கட்டு' என்ற பொருள்படும் 'ஹெட் அக்தர்ஹாயிஸ்' என்ற தலைப்பையும் அவளே வைத்தாள். 1944 மார்ச் 29-ஆம் தேதிப் பதிவு வரைதான் திருத்த முடிந்தது. ஆகஸ்ட் 4 அன்று எட்டுப் பேரும் கைதானார்கள்.

இப்போது மாணவர்கள் தவறாமல் விழும் குழியைச் சொல்கிறேன். "1943-இல் ஆனின் நடை எவ்வளவு முதிர்ந்துவிட்டது பாருங்கள்" என்று கட்டுரை எழுதுவார்கள். 1943-க்கு ஏறக்குறைய 'பி' மட்டுமே இருக்கிறது. அந்தத் தேதிகளின் கீழ் இருப்பது 1944 கோடையில், பதினைந்தை நெருங்கியும் கடந்தும் இருந்த பெண் எழுதியது. சம்பவம் 1943, எழுத்து 1944. ஆகவே கரும்பலகையில் காலக்கோடு ஒன்று போட்டு நான்காகப் பிரித்துவிடு. 1942 டிசம்பர் தொடக்கம் வரை ஏ, பி இரண்டும் உண்டு. அங்கிருந்து 1943 டிசம்பர் 22 வரை பி மட்டும். பிறகு 1944 மார்ச் 29 வரை மறுபடி இரண்டும். அதற்குப் பின் ஏ மட்டும். எந்தப் பதிவை வாசித்தாலும் அது எந்தத் துண்டில் விழுகிறது என்று முதலில் பார்க்கச் சொல்.

அவள் என்ன திருத்தினாள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. 'ஏ'யின் தொடக்கத்தில் கிட்டி, பொப், கோனி, எம்மி என்று பல கற்பனைத் தோழிகளுக்குக் கடிதம் எழுதுகிறாள். 'பி'யில் எல்லாம் கிட்டி ஒருத்திக்கே. அம்மாவைப் பற்றிய கடுஞ்சொற்கள் பலவற்றை அகற்றினாள். பழைய பக்கங்களைப் படித்து அவளே அதிர்ந்துபோனதை 1944 ஜனவரி 2 பதிவில் பார்க்கலாம். கூட ஒளிந்திருந்த வான் பெல்ஸ் வீட்டுப் பையன் பீட்டர் மீதான மயக்கத்தையும் வெகுவாகக் குறைத்தாள். பெயர்களை மாற்ற ஒரு பட்டியலே போட்டாள்: வான் பெல்ஸ் குடும்பம் வான் டான் ஆனது, பல் மருத்துவர் ஃபிரிட்ஸ் ஃபெஃபர் டுஸ்ஸல் ஆனார். புத்தகத்தில் ஒரு பெயரும் வரலாற்றுப் பக்கங்களில் வேறு பெயரும் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள்; அந்தப் பட்டியலையும் பலகையில் எழுதிவிடு. யாரும் கேட்காமலே, வெட்டவும் கோக்கவும் தெரிந்துகொண்ட பெண் இவள். "பாவம், குழந்தை மனதில் பட்டதை எழுதிவைத்தாள்" என்று சொல்வது அவள் உழைப்பைச் சிறுமைப்படுத்துவது.

அந்த உழைப்பு எந்த நிலைமையில் நடந்தது என்பதையும் சொல். அவர்கள் ஒளிந்திருந்த கட்டடம், ஆம்ஸ்டர்டாமின் பிரின்சன்கிராக்ட் 263-இல் கீழே கிடங்கு, மேலே அலுவலகம், பின்கட்டில் இவர்கள். கிடங்கு ஆட்களில் பெரும்பாலோருக்கு இவர்கள் இருப்பது தெரியாது. காலை எட்டரை முதல் அவர்கள் சாப்பிடப் போகும் பன்னிரண்டரை வரை, மறுபடி அவர்கள் திரும்பியதிலிருந்து மாலை ஐந்தரை வரை, மெல்ல நடக்க வேண்டும், குழாய் திறக்கக் கூடாது, கழிவறையில் தண்ணீர் விடக் கூடாது. ஆனுக்குத் தனி அறை கிடையாது. ஃபெஃபரோடு பகிர்ந்த ஒடுக்கமான அறை, அதில் ஒரு சிறிய மேசை. அவர் மதியம் தூங்கும் இரண்டரை முதல் நான்கு வரை அவளுக்கு. அது போதாமல் வாரத்தில் இரண்டு நாள் நான்கு முதல் ஐந்தரை வரை மேசை வேண்டும் என்று 1943 ஜூலையில் கேட்டாள். அவர் மறுத்தார், அப்பா தலையிட்ட பிறகு ஐந்து மணி வரை என்று முடிந்தது. பாட்டி கொடுத்த ஃபவுண்டன் பேனா பீன்ஸ் விதைக் குப்பையோடு அடுப்பில் போய் எரிந்தது. சாம்பலில் மிஞ்சியது அதன் கிளிப் மட்டும். எழுதும் நேரம், மேசை, பேனா, தாள் ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை. பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

தாள்கள் பிழைத்த விதம்: கைது செய்ய வந்த நாஜி எஸ்.எஸ். படை அதிகாரி சில்பர்பவர், பணத்தையும் நகைகளையும் போட்டுக்கொள்ள ஒரு தோல்பையைத் தலைகீழாகக் கொட்டினார். அதற்குள் இருந்தவை ஆனின் எழுத்துகள். தரையில் கிடந்தவற்றை ஒளிந்திருந்தவர்களுக்கு உதவிய அலுவலக ஊழியர்கள் மீப் கீஸும் பெப்பும் பொறுக்கினார்கள். மீப் படிக்காமல் மேசை டிராயரில் வைத்தார். படித்திருந்தால் எரித்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார், உதவியவர்களின் பெயர்களெல்லாம் அதில் இருந்ததால். நெதர்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட சுமார் 1,07,000 யூதர்களில் திரும்பியவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். இந்த எட்டுப் பேரில் ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்க் ஒருவரே. அக்கா மார்கோட்டும் ஆனும் 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் நாஜி முகாமில் இறந்தது உறுதியான பிறகுதான் மீப் அந்தத் தாள்களை அவரிடம் கொடுத்தார்.

அப்பாவின் பங்கை மறைக்காமல் சொல்லிவிடு. ஓட்டோ பெரும்பாலும் 'பி'யை எடுத்து, அது நின்ற இடத்திலிருந்து 'ஏ'யைத் தொடர்ந்து, மகள் விலக்கிய பீட்டர் பகுதிகளில் சிலவற்றைத் திரும்பச் சேர்த்து, மனைவியைப் பற்றிய சில வரிகளையும் உடலைப் பற்றிய சில பகுதிகளையும் விட்டு ஒரு பிரதி தொகுத்தார். அது 'சி', 1947 ஜூன் 25 அன்று வெளிவந்தது. தொகுப்பாளர் அவர், எழுதியவள் அவள். 1991-இல் ஜெர்மன் எழுத்தாளர் மிர்யாம் பிரெஸ்லர் தயாரித்த பதிப்பு, விடுபட்டவற்றைச் சேர்த்ததால் கணிசமாக நீளமானது. நீ கண்ட பக்க வித்தியாசம் இதுதான்.

பால்பாயிண்ட் விஷயம். 1980-இல் ஜெர்மனியின் மத்தியக் குற்றவியல் அலுவலகம் தனித் தாள்களில் சில திருத்தங்கள் பால்பாயிண்ட் மையில் இருப்பதாகச் சொல்லிவைக்க, யூத இனப்படுகொலையே நடக்கவில்லை என்று வாதிடும் மறுப்பாளர்கள் அதை ஊதிப் பெருக்கினார்கள். உண்மையில் அந்த மையில் முழுதாக எழுதப்பட்டிருந்தவை இடையில் செருகப்பட்ட இரண்டு துண்டுச் சீட்டுகள். 1960 வாக்கில் கையெழுத்தை ஆராய்ந்தபோது சேர்ந்தவை. நெதர்லாந்து தடயவியல் ஆய்வகம் தாள், மை, பசை, கையெழுத்து அனைத்தையும் சோதித்து, எழுதியது ஆன்தான் என்று உறுதிசெய்தது. ஏ, பி, சி மூன்றையும் அருகருகே அச்சிட்ட ஆய்வுப் பதிப்பு 1986-இல் வந்தது. அந்த ஜெர்மன் அலுவலகமே, தன் 1980 அறிக்கையை வைத்து நாட்குறிப்பைச் சந்தேகிக்க முடியாது என்று 2006-இல் அறிவித்துவிட்டது. அந்தப் பையனைக் கடிந்துகொள்ளாதே. இதே வரிசையில் சொல், அவனே மற்றவர்களுக்கு விளக்குவான்.

முதல் வகுப்புக்கு என் யோசனை: பிறந்தநாள் பரிசுகளைச் சொல்லும் 1942 ஜூன் 14 பதிவையும், ஜூன் 20 பதிவையும் அடுத்தடுத்து வாசிக்க விடு. முதலாவது 'ஏ', பதின்மூன்று வயதுச் சிறுமியின் குதூகலம். இரண்டாவது 'பி'யின் தொடக்கம். தான் ஏன் எழுதுகிறேன் என்று நிதானமாகச் சொல்லி, குடும்ப வரலாற்றை வாசகருக்கு அறிமுகம் செய்கிறாள். அச்சில் சில பக்க இடைவெளி, எழுதிய காலத்தில் இரண்டு வருடம். எதுவும் விளக்காமல், யார் எழுதியது போல இருக்கிறது என்று மட்டும் கேள்.

மனிதர்கள் உள்ளத்தில் நல்லவர்கள் என்ற வரியைச் சுவரொட்டியில் எழுத யாராவது கிளம்புவார்கள். அது 1944 ஜூலை 15 பதிவு. அந்தப் பத்தியை முழுதாக வாசிக்கச் சொல்: தங்களையும் அழிக்க வரும் இடி முழக்கம் நெருங்குவதை அதிலேயே எழுதியிருக்கிறாள். திருத்த அவளுக்கு நேரம் கிடைக்காத பகுதி அது என்பதும் அவர்களுக்குத் தெரியட்டும்.

உன் நூலகத்துப் பிரதியின் முன்னுரையில் பிரெஸ்லர் பெயர் இருக்கிறதா, எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுது. பிரெஸ்லர் பதிப்பு என்றால் ஒரே பதிவுக்குள் ஏ-யும் பி-யும் கலந்து வரும். ஒப்பிட்டுப் படிக்க எந்தத் தேதிகளை எடுக்கலாம் என்று அடுத்த கடிதத்தில் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கோமதி