வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: மெதுவாக ஓடிய கணினிகளும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் திரையும்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் இன்டர்நெட் கடைக்குப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேராவது புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றிய அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திரை, அதில் வரிசையாகக் கணினிகளின் எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே நீளமும் குட்டையுமாகப் பட்டைகள். நாம் திரையில் பார்ப்பதையெல்லாம் முதலாளி இங்கிருந்தே பார்க்கிறார் என்று யாரோ கீழே எழுதிவிட்டார்கள். கடை மெதுவாக இருக்கிறது என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ மாணவர்களின் அரசுத் தேர்வு) முடிவு வந்த வாரம் எப்படி இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பேச்சை மட்டும் அப்படியே விட மனம் வரவில்லை.

முதலில் மெதுவான கதை. நம் மேசைகளில் இருப்பவை முழுக் கணினிகள் அல்ல, முனையங்கள். உள்ளே வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) கிடையாது. பொத்தானை அழுத்தினால் கேபிள் வழியாகக் கடையின் மையக் கணினியான சர்வரைக் கேட்டுத்தான் அவை எழுந்திருக்கும். நீங்கள் தட்டும் எழுத்து சர்வருக்குப் போகிறது, வேலை அங்கே நடக்கிறது, திரையில் மாறிய பகுதி மட்டும் உங்களிடம் திரும்பி வருகிறது. நான் ஒட்டுப்போட்ட ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். 1999-இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட் என்ற இலவச மென்பொருள் பல நாட்டுப் பள்ளிகளில் இதே வேலையைத்தான் செய்துவந்தது. தூக்கி எறிய வேண்டிய பழைய பெட்டிகளை வைத்து இத்தனை நாள் குறைந்த விலையில் கடை நடத்த முடிந்ததும் இதனால்தான்.

‘இன்டர்நெட் லைனை மலிவாக வாங்கிவிட்டார்’ என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. நம் பழைய திரை 1024-க்கு 768 புள்ளிகள். 16 பிட் வண்ணத்தில், புள்ளிக்கு 2 பைட் வீதம், ஒரு முழுத் திரைக்கு ஒன்றரை மெகாபைட். முழுத் திரையில் வீடியோ ஓடினால் விநாடிக்கு 25 படங்கள், ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 300 மெகாபிட்டுக்கும் மேல். முனையங்களின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியான சுவிட்சிலிருந்து சர்வருக்குப் போன கேபிள் 100 மெகாபிட்தான் தாங்கும். 320-க்கு 240 அளவில் சின்னச் சாளரத்தில் பார்த்தாலும் ஒருவருக்கு 30 மெகாபிட். மூன்று பேர் பார்த்தால் மற்ற அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான். வெளியிலிருந்து வரும்போது அந்த வீடியோ சுருக்கப்பட்டு மிகச் சிறியதாகவே வருகிறது. சர்வர் அதை விரித்து, ஒவ்வொரு புள்ளியாக முனையத்துக்கு அனுப்பும்போதுதான் ஊதிப் பெருக்கிறது. ஆகவே அடைப்பு கடைக்குள்ளே. வெளி லைனுக்கு இருமடங்கு பணம் கட்டியிருந்தாலும் யு.பி.யு. (பல்கலைக்கழக இடத்துக்கான) விண்ணப்பம் அதே நிதானத்தில்தான் நகர்ந்திருக்கும்.

அடைப்பு எங்கே என்று தெரியாமல் எதை வாங்குவது? அதற்காக வைத்ததே அந்தத் திரை. சர்வரில் ஐஎப்டாப் என்ற சிறு நிரல் ஓடுகிறது. எந்த முனையத்துக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கடைசி 2 விநாடி, 10 விநாடி, 40 விநாடிச் சராசரிகளாக அது காட்டும். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலை வாசலில் லாரியை எடைமேடையில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்கள். எத்தனை டன் என்று தராசு சொல்லும்; குலைகளுக்கு அடியில் டிரைவர் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்திருந்தால் அது தராசுக்குத் தெரியாது. நம் பட்டைகளும் அவ்வளவே. நீங்கள் திறந்த பக்கமோ, எழுதிய கடிதமோ, கடவுச்சொல்லோ அதில் ஓர் எழுத்துகூட வராது.

இனி அந்தப் படத்தில் ஏழாம் எண்ணுக்கு எதிரே இருந்த நீளமான பட்டை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் சற்று முன்பு உட்கார்ந்திருந்த அக்கா என்னென்னவோ பார்த்தார் என்று கதை கட்டி, அவர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய்விட்டார்கள். அவர் எழுந்து போய்விட்டார். படம் எடுத்த நேரத்தில் ஏழாம் எண்ணில் ஆளே இல்லை. சும்மா கிடந்த முனையத்தில் ஸ்கிரீன் சேவர் ஓடிக்கொண்டிருந்தது. நிறம் நிறமாகக் குழாய்கள் வளைந்து வளைந்து போகுமே, அதுதான். ஒவ்வோர் அசைவையும் சர்வர்தான் வரைந்து அனுப்ப வேண்டும். ஆள் இருந்து கடிதம் தட்டச்சு செய்தால் பட்டை கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குட்டையாக இருக்கும். நீளமான பட்டை என்றால் திரையில் ஏதோ ஆடுகிறது என்று பொருள், அவ்வளவே. வந்து கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் காட்டியிருப்பேன். படம் எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும், இங்கே சொல்லவில்லை. அந்த அக்காவிடம் அவர் ஒரு வார்த்தை பேசினால் நல்லது.

‘பார்க்க நினைத்தால் உங்களால் முடியுமா?’ என்று ஒரு தம்பி நேரில் கேட்டார். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், சர்வர் யார் கையில் இருக்கிறதோ அவரால் முடியும். வங்கிப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படம் சர்வருக்கும் வங்கிக்கும் இடையிலுள்ள பாதையைத்தான் காக்கிறது. பிரவுசர் ஓடுவதோ நம் சர்வரில். அதனால்தான் வங்கி வேலையை உங்கள் சொந்தக் கைப்பேசியில் செய்யுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்; காகிதம் மஞ்சளாகும் அளவுக்கு அது பழையது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 எனக்குப் பொருந்தாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அளந்த பிறகு செய்தவை பல. ஸ்கிரீன் சேவர்கள் எல்லாம் போயின. ஆள் இல்லாவிட்டால் திரை கறுத்துவிடும். 24 பிட் வண்ணத்தில் இருந்த முனையங்களை 16-க்கு இறக்கினோம். அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் (பயன்படாத ஒரு பைட்டையும் சேர்த்து) 4 பைட்டாகப் போனது இப்போது 2 பைட்டாகப் போகிறது, சுமை பாதி. வானத்தின் நீலம் கொஞ்சம் படி படியாகத் தெரியும், படிவம் நிரப்ப அது போதும். பக்கங்களில் துள்ளும் விளம்பரங்களைத் தடுத்தாயிற்று. நினைவகம் போதாத பழைய முனையங்கள், வன்தட்டு இல்லாத காரணத்தால், மீதியைச் சர்வரிடமே கேபிள் வழியாகக் கடன் வாங்கிக்கொண்டிருந்தன. பெரிய படங்கள் உள்ள பக்கம் ஒன்றைத் திறந்தாலே திணறின. அவற்றுக்கு நினைவகம் கூட்டினோம். சர்வருக்குப் போகும் கேபிளை ஜிகாபிட்டாக்கினோம் (முன்பைவிடப் பத்து மடங்கு), அதற்கேற்ற சுவிட்சும் வாங்கினோம். அனுப்புவதையெல்லாம் சுருக்கி அனுப்பலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். சுருக்கவும் விரிக்கவும் செயலிக்கு வேலை அதிகம். நம் பழைய பெட்டிகள் அதில் களைத்துப்போகும். தொலைவில் உள்ள கிளைக்கு அனுப்புவதென்றால் சரி, பத்தடி கேபிளுக்கு அது வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் முதலில் இழுத்துக் கட்டிய நம் தம்பி சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நல்ல சம்பளம், வாழ்த்தி அனுப்பினோம். ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் எங்களைப் போன்ற கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வேலை செய்கிறவருக்கு அது நியாயம்தான், குறை சொல்லவில்லை. கடைக் கணக்கும் அப்படியே இருக்காது என்பதை மட்டும் சொல்கிறேன். அடுத்த மாதம் முதல் ஒரு மணி நேரத்துக்கு 3 வெள்ளி, இரவு எட்டு மணிக்குக் கடை மூடப்படும்.

எஸ்.டி.ஆர். என்ற அரசு உதவித்தொகைக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் பாட்டிமார்களுக்கு, வருமான வரிப் படிவத்துக்காக ஏப்ரல் முழுவதும் பொறுமையாக வரிசையில் நின்றவர்களுக்கு, திரை உறைந்தபோதும் நாற்காலியை விட்டு எழாத படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு, மாணவர் பதிவை எப்போதும் இங்கேயே செய்யும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு, கறிபாப் பொட்டலத்தோடு வந்து ‘அதையெல்லாம் கண்டுகொள்ளாதே தம்பி’ என்று சொல்லிப்போன பக்கத்துக் கடை அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் வந்துகொண்டிருப்பதால்தான் கதவு திறந்திருக்கிறது.

அந்தச் சின்னத் திரை அங்கேயேதான் இருக்கும், எடுக்கப்போவதில்லை. இனி அது உங்கள் பக்கம் பார்த்தபடி இருக்கும். உங்கள் முனையத்தின் எண்ணைக் கண்டுபிடித்து, பட்டை ஏன் நீள்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
சுங்கை சிப்புட்.

பி.கு.: வீடியோ பார்க்க ஜன்னலோரம் வன்தட்டு உள்ள இரண்டு கணினிகள் உண்டு, முனையங்களில் இனி வீடியோ ஓடாது. சொந்தக் கணக்கு வைத்திருப்பவர்கள் சர்வரில் உள்ள தங்கள் கோப்புகளை மாதக் கடைசிக்குள் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளவும்.