பயோடீசல் கேனில் தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லல் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்கிறேன். எங்கள் 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சினுக்குப் போன தை மாதம் பயோடீசலை, அதாவது புங்க எண்ணெயிலிருந்து தயாரிக்கும் எரிபொருளை, டீசலுடன் ஐந்தில் ஒரு பங்கு கலந்து ஊற்றினேன். நன்றாகவே ஓடியது, புகையும் குறைந்தது. மீதியைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்து ஆடியில் எடுத்தால் ஒரே காறல் வாடை. ஃபில்டர் முழுக்கப் பிசின். எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலையும் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர் வெயிலில் தகரக் கொட்டகை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்றும் சூடும் பட்டால் இந்த எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டியாகும். அதைத் தள்ளிப்போட புரோப்பைல் கேலேட் போன்ற தடுப்பான்கள் உண்டு. லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே போதும். ஆனால் தயாரித்த உடனே சேர்க்க வேண்டும். காறிய பிறகு சேர்த்துப் பயனில்லை. நான் வாங்கிய கேனில் தடுப்பான் சேர்த்ததாகவோ, தயாரித்த தேதியோ எதுவுமே இல்லை.

2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்கிறது 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. சரி, நல்லதுதான். எங்கள் ஊருணிக் கரைப் புங்க மரங்களுக்கும் மதிப்பு வரும். அதற்கு முன் சேர்த்த தடுப்பானையும் தயாரித்த தேதியையும் கேனில் அச்சிடுவதைக் கட்டாயமாக்குங்கள். காரைக்குடி அரசு பொறியியல் கல்லூரியில் விவசாயிகள் மாதிரி கொடுத்துச் சோதிக்கவும் வழிசெய்யுங்கள்.

ஒரு விவசாயி,
கல்லல், சிவகங்கை மாவட்டம்