ஜின் அண்ட் டானிக்

அன்பு மகனுக்கு,

போன வாரம் நீ போனில் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. பயணி ஒருவர் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டாராமே. "டிகிரி முடிச்சிட்டுத் தட்டு தூக்குறேன்ப்பா" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

பிரிட்டனில் ஜான் பிரெஸ்காட் என்று ஒருவர் இருந்தார். 2024 நவம்பரில்தான் இறந்தார். ரயில்வே சிக்னல்காரர் மகன். அந்தக் காலத்தில் 11 வயதில் அங்கே ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். அதில் தோற்றார். பாஸான பெண்ணுக்கு இவர் எழுதிய காதல் கடிதம், எழுத்துப்பிழை திருத்தித் திரும்பி வந்ததாம்! அப்புறம் கப்பலுக்குப் போனார். உன்னைப் போலவே பயணிகளுக்குப் பரிமாறும் ஸ்டூவர்ட்.

1957-ல், எகிப்தின் சூயஸ் கால்வாய் விவகாரத்துக்குப் பின் பிரிட்டன் பிரதமர் பதவியைவிட்ட ஆந்தனி ஈடன் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். அந்தக் கப்பலில் 18 வயது பிரெஸ்காட் பரிமாறினார். ஊழியர்களின் குத்துச்சண்டைப் போட்டியிலும் ஜெயித்தார். பரிசு கொடுத்தது அதே ஈடன்.

கடலோடிகள் சங்கத்தில் சேர்ந்து உரிமை பேசினார். 25 வயதில் மறுபடி படிக்கப் போனார், முதலில் ரஸ்கின் கல்லூரி, பிறகு ஹல் பல்கலைக்கழகம். 1970-ல் ஹல் நகரின் கிழக்குத் தொகுதி எம்.பி. ஆனார். 40 வருடம் அந்த இடத்தை விடவில்லை. 1997 முதல் 2007 வரை துணைப் பிரதமர். கியோட்டோ பருவநிலை ஒப்பந்தப் பேச்சில் இரவெல்லாம் மல்லுக்கட்டியவர்களில் இவரும் ஒருவர்.

ஆனால் நான் சொல்ல வந்தது பதவியை அல்ல. பாராளுமன்றத்தில் இவர் பேச எழுந்தால், எதிர்வரிசையிலிருந்து "எனக்கு ஒரு ஜின் அண்ட் டானிக்!" என்று, மது கொண்டுவரச் சொல்வதுபோல் குரல் வரும். பழைய வேலையைச் சொல்லிக் குத்துவது. எவ்வளவு உயர்ந்தாலும் சொடுக்குகிறவன் சொடுக்கிக்கொண்டுதான் இருப்பான் தம்பி. அவருக்கு வலித்திருக்கும், வலித்ததை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் ஸ்டூவர்டாக இருந்ததையும் ஒருநாளும் மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

2001 தேர்தல் பிரசாரத்தில் ஒருவன் முட்டை எறிந்தான். இவர் இடது கையால் ஒரு குத்து விட்டார். அதை மட்டும் நீ செய்துவிடாதே, சிடிசி (கப்பல் வேலைக்கான கடலோடிப் புத்தகம்) போய்விடும்.

அம்மா கருவாடு காயவைத்திருக்கிறாள். கப்பலைவிட்டு இறங்கும் சைன் ஆஃப் தேதி தெரிந்ததும் சொல்.

அப்பா